தவணை சொல்லாத நேர்ச்சை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத நான் உட்கார்ந்தது இலக்கிய ஆசையால் அல்ல, வாய்க்கொழுப்பால்.

சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சாபீஸ் ஒன்றில் புரூப் பார்க்கிறேன். பெயர் மஸ்தான். இரண்டு வருடத்துக்கு முன் மெட்ராஸ் பத்திரிகை ஒன்றில் சிவகாசிக் கதை ஒன்று வந்திருந்தது. ஆசையாகப் பிரித்தேன். மூன்றாவது பத்தியிலேயே பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்!

“ஏண்ணே, சிவகாசின்னா வெடிச்சுத்தான் ஆகணுமா? இங்கன யாரும் கல்யாணம் கட்டலையா, கோவிச்சுக்கிடலையா, சிரிக்கலையா?” என்று மிஷின்மேன் கண்ணுச்சாமி அண்ணனிடம் கத்தினேன்.

“பேசுறது லேசுடா. நீ ஒண்ணு எழுது பாப்போம்” என்றார் அவர், உருளையில் மையைத் தேய்த்துக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து என் நாக்கு என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தது. “ஒரு பொட்டு வெடிகூட வெடிக்காம ஒரு சிவகாசிக் கதை எழுதி முடிச்சேன்னா, அல்லாவுக்காக மூணு நோன்பு வைக்கிறேன்!” என்று ஆபீஸே கேட்கச் சொல்லிவிட்டது.

எங்கள் மார்க்கத்தில் மனசுக்குள் நினைத்தால் அது நேர்ச்சை ஆகாது. வாயால் சொல்லிவிட்டால் ஆகிவிடும். கேட்ட காரியம் நடந்துவிட்டால் சொன்னதைச் செய்தே தீரவேண்டும், அது கடமை. சாட்சிக்குக் கண்ணுச்சாமி அண்ணன் வேறு. பொழுது விடிந்தால் “என்னடா, நோன்பு எப்ப?” என்று கேட்கிறார்.

ஆகவே வாசகரே, இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. தைரியமாக வாசியுங்கள். வெடித்தால்தான் வாசிப்பேன் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

(எழுதுகிற தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சைக்கிளி லேபிள் ஒன்று ஐந்நூறு தாள் பாழாகிப்போனது. சிவப்பு மை நகர்ந்து, கிளியின் மூக்கு வாலில் போய் உட்கார்ந்துவிட்டது. அதன் முதுகில்தான் எழுதுகிறேன். கதை எங்காவது முன்பின்னாக இருந்தால் கிளியைக் கோபித்துக்கொள்ளுங்கள்.)

கதை யாருடையது? என் அக்கா பாத்துமுத்துவின் புருஷன், என் மச்சான் நத்தர்ஷாவுடையது. நான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். “அத மட்டும் எழுதுன, அன்னையிலேர்ந்து சோறு கெடையாது” என்று அக்கா சொல்லியிருக்கிறாள். பார்க்கலாம்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. அடித்ததையும் காட்டிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

முதல் தொடக்கம்: வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நத்தர்ஷாவின் மனமும்

(அடித்தேன். மச்சானின் மனசு எந்தக் காலத்தில் கறுத்தது? கோழிக்குக் காலில் முள் குத்தினால் வேலையை விட்டுவிட்டு எடுக்கிற மனுஷன்.)

இரண்டாம் தொடக்கம்: நேர்ச்சை என்பது இஸ்லாத்தில் ஓர் அடியான் தனக்குக் கடமையல்லாத ஒரு வணக்கத்தைத் தானாகவே

(கண்ணுச்சாமி அண்ணன் கொட்டாவி விட்டார். அடித்தேன்.)

மூன்றாம் தொடக்கம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து

(வருடத்தைச் சொன்னால் மழை அளவு எழுதி வைத்திருக்கிற யாராவது ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் போடுவார். அறுபதுகளில் ஒன்று, அவ்வளவுதான்.)

போகட்டும். நேராகக் களத்துக்கே வாருங்கள்.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸ். எங்கள் ஊரில் பட்டாசு செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். நாற்காலி மேஜை தேடாதீர்கள். மச்சான் அங்கே காயப்போடுகிற களத்துக்குப் போர்மேன். புரட்டாசிக் கடைசி. தீபாவளிச் சரக்கு முழுக்க நானூறு ஓலைப்பாயில் வெயிலில் கிடந்தது. இன்னும் மூன்றே நாள் காய்ந்தால் லாரியில் ஏற்றி, விருதுநகர் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிக்குப் போய்விடும். நனைந்தால் சரக்கு போச்சு. சரக்கு போனால் களத்தில் வேலை செய்யும் அறுபது பேருக்கும் தீபாவளி போச்சு.

மத்தியானம் மூன்று மணி. “மேகம்! மேகம்!” என்று வெள்ளைத்தாய் கத்தினாள். களத்தில் அவளுக்குத்தான் கண் கூர்மை.

வடகிழக்கில் எருமைக் கூட்டம் மாதிரி வந்துகொண்டிருந்தது. அறுபது பேரும் ஓடினார்கள். பாயைச் சுருட்டி ஷெட்டுக்குள் போடவேண்டும். ஓடி ஓடி நாற்பது பாய் உள்ளே போயிருக்கும். காற்று குளிர்ந்துவிட்டது. மச்சான் களத்தின் நடுவில் நின்றார். அண்ணாந்தார். அலுமினியப் பொடி அப்பிய வெள்ளிக் கை இரண்டையும் தூக்கினார்.

“யா அல்லா! மழ வராம நிறுத்து! சரக்கு நல்லபடியாக் காஞ்சு லோடு ஏறிருச்சுன்னா பதினோரு நோன்பு வைக்கிறேன்!”

மேகம் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எதையோ மறந்துவைத்துவிட்டு வந்தது போல, சாத்தூர்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

அறுபது பேரும் கைதட்டினார்கள். ஒருத்தி குலவை போட்டாள். மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்த நடை இருக்கிறதே, அக்கா இன்றைக்கும் நடந்து காட்டுவாள்.

3

சரக்கு காய்ந்தது. லோடு ஏறியது. தீபாவளியும் வந்து போனது. மச்சானுக்குப் பதினோரு நோன்பு கடமையாகிவிட்டது. மனுஷன் சந்தோஷமாகவே ஆரம்பித்தார். வாரத்துக்கு இரண்டு, திங்களும் வியாழனும். கதை இத்தோடு முடிந்திருக்கலாம். நானும் என் மூன்று நோன்பை வைத்துவிட்டுப் போயிருப்பேன்.

கெடுத்தது வெள்ளைத்தாய்.

கேரளத்துக் கிறிஸ்துமஸ் ஆர்டருக்காகக் களத்தில் மறுபடி பாய் விரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் நோன்போடு நிழலில் நின்றார். ஐப்பசி முழுக்க ஒரு தூறல் இல்லை. கார்த்திகை பிறந்தும் இல்லை. அவள் வானத்தைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள்.

“அண்ணே, அன்னைக்கு மழைய நிறுத்தச் சொன்னீகள்ல, எம்புட்டு நாளைக்குன்னு சொன்னீக?”

“நாள் ஒண்ணும் சொல்லலையேத்தா.”

“அடி ஆத்தீ!” வெள்ளைத்தாய் பாயைக் கீழே போட்டாள். “நாங்க மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டா ‘வர்ற பங்குனிக்குள்ள’ன்னு தவணை சொல்லித்தான நேந்துக்கிடுவோம். நீங்க பாட்டுக்குத் தவணை சொல்லாம நிறுத்திப்புட்டீகளே! அது இன்னும் நிக்கிதுண்ணே!”

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மச்சான் பதினாறு வருடமாக ஆர்டர்ச் சீட்டு எழுதுகிறவர். என்ன சரக்கு, எத்தனை பெட்டி, எந்தத் தேதிக்குள். தேதி இல்லாத சீட்டைக் கணக்குப்பிள்ளை மூஞ்சியில் விட்டெறிந்துவிடுவார். தேதி போடாத ஆர்டருக்கு முடிவே கிடையாது, யாராவது ரத்துச் செய்கிற வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

மச்சானின் முகம் வெள்ளிக் கையைவிட வெளுத்துவிட்டது.

(அக்கா இப்போது என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். எழுதுவதைக் கண்டுபிடித்துவிட்டாள். வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சோறு போய்விட்டது என்றே நினைத்தேன். “வெளுத்துருச்சுன்னு எழுதாத. வேர்த்துருச்சு. முதுகுச் சட்டை ஒட்டிப்போச்சு, நாந்தான தொவச்சேன்” என்றாள். திருத்தம் வாசகர் கவனத்துக்கு.)

4

சோலைமலையை இங்கே கொண்டுவர வேண்டும். எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம்.

சோலைமலை மச்சானின் சேக்காளி. பட்டாசு ஆபீஸுக்குத் தெற்கே கரிசலில் நாலு ஏக்கர் வைத்து வெள்ளாமை செய்கிற சம்சாரி. கதையில் ஒரு ராவுத்தரும் ஒரு சம்சாரியும் சேக்காளி என்று எழுதினால், சுவரில் ஒட்டுகிற சர்க்கார் போஸ்டர் மாதிரி ஆகிவிடுமோ என்றுதான் சந்தேகம். அதனால் சொல்லிவிடுகிறேன்: சோலைமலை நல்லவரே இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டை மறைப்பார். எங்கள் புளியமரத்தில் பாதி அவர் வீட்டுக் குழம்பில்தான் இருக்கிறது. மச்சானும் லேசுப்பட்டவர் இல்லை, பதிலுக்குப் புலியை மறைப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் “மாப்ளே” என்றுதான் கூப்பிடுவார்கள். யார் யாருக்கு மாப்பிள்ளை என்பது இதுவரை தீரவில்லை.

அந்த வருடம் சோலைமலை நாலு ஏக்கரிலும் பருத்தி போட்டிருந்தார். செடி ஒரு சாண் உயரத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் மழை விழாவிட்டால் பருத்திக் காடு போச்சு. காடு போனால், எட்டாம் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற அவர் மகளின் படிப்பை நிறுத்தி, தை பிறந்ததும் பட்டாசு ஆபீஸுக்கு அனுப்புவதாக வீட்டில் பேச்சு. இதைச் சோலைமலையே சொன்னார். “ஒங்க களத்துலதான மாப்ளே, நீரு பாத்துக்கிட மாட்டீரா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மச்சான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். “நான் போர்மேனா இருக்கிற களத்துக்கா அந்தப் புள்ள பாய் விரிக்க வரணும்? அதுவும் என் வாயால?” என்றார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. ஆறாவது நோன்பு. மத்தியானம் மச்சான் சாப்பாட்டுக்கு வந்தார், ஆனால் சாப்பிடவில்லை.

“நோன்பாங்க?” என்றாள் அக்கா.

“இல்ல.”

“அப்ப சாப்பிடுங்க.”

“வேணாம்.”

“அப்ப நோன்புதான?”

“நோன்பு இல்ல பாத்து. பட்டினி. நிய்யத்து வைக்கல.”

நோன்பு வைப்பதாக முந்தின இரவே மனசில் உறுதி வைக்கவேண்டும். அதுதான் நிய்யத்து. அது இல்லாமல் பகல் முழுக்கக் காய்ந்தாலும் வெறும் பட்டினிதான். மச்சானின் கணக்கு இது: ஒவ்வொரு நோன்பு வைக்கும்போதும் அந்தத் தேதியில்லாத ஆர்டர் புதுப்பிக்கப்படுகிறது. அஞ்சு நோன்பு வைத்தாகிவிட்டது, வானம் ஒவ்வொரு தடவையும் இன்னும் வெளுக்கிறது. மிச்சம் ஆறையும் வைத்தால் மழையே வராது. வைக்காவிட்டால் நேர்ச்சையை மீறிய பாவம். ஆகவே வைக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

“கூறுகெட்ட மனுசா!” என்று அக்கா கரண்டியைத் தூக்கினாள்.

(அக்கா: “நான் எப்பலே அப்பிடிச் சொன்னேன்? ‘என்னங்க இப்பிடிச் செய்றீக’ன்னுதான் கேட்டேன்.” நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். கரண்டியையும் பார்த்தேன். ஆனாலும் திருத்திக்கொள்கிறேன், எனக்கு ராத்திரிச் சோறு வேண்டும்: ‘என்னங்க இப்பிடிச் செய்றீக’ என்று அக்கா மிகவும் அன்பாகக் கேட்டாள்.)

5

அடுத்த இரண்டு நாளில் மச்சான் இன்னும் ஒருபடி மேலே போனார். களத்தின் ஓரத்தில், பாய் விரிக்காத வெறுந்தரையில், உச்சி வெயிலில் போய் நின்றுகொண்டார். உட்காரவில்லை. யாரோடும் பேசவில்லை. வெயில்தானே கேட்டாய், அந்த வெயிலை நீயே வாங்கிக்கொள் என்று தனக்குத்தானே தீர்ப்பு. பதினாறு வருடமாகச் சரக்கைக் காயப்போட்ட மனுஷன் தன்னையே காயப்போட்டுவிட்டார்.

வெள்ளைத்தாய் ஆள்விட்டு அக்காவுக்குச் சொல்ல, அக்கா பள்ளிவாசலுக்கு ஓடினாள். தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் வந்துவிட்டார். வயதாகாத ஹஜ்ரத், முப்பத்திரண்டுதான் இருக்கும். நாரணாபுரம் வரை சைக்கிள் மிதித்ததில் அவருக்கும் நாக்கு தள்ளிவிட்டது. வேப்பமரத்து நிழலில் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கிருந்தே கூப்பிட்டார்.

“நத்தர்ஷா பாய், இங்கன வாங்க.”

மச்சான் தலையை ஆட்டினார், வரமாட்டேன் என்று.

“நபிகள் காலத்துல ஒருத்தரு ஒங்களை மாதிரித்தான் நின்னாரு. வெயில்ல நிப்பேன், உக்கார மாட்டேன், பேச மாட்டேன், நோன்பும் வைப்பேன்னு நேர்ச்சை. நபி என்ன சொன்னாக தெரியுமா? பேசச் சொல்லுங்க, நிழலுக்கு வரச் சொல்லுங்க, உக்காரச் சொல்லுங்க, நோன்பை மட்டும் முடிக்கச் சொல்லுங்கன்னாக. வாங்க, உக்காருங்க.”

மச்சான் வந்து உட்கார்ந்தார். வெள்ளைத்தாய் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மூன்று நாள் அடைத்துவைத்திருந்ததையெல்லாம் கொட்டினார். கடைசியில் கேட்டார்: “ஹஜ்ரத், அப்ப அந்த ஆர்டரை ரத்துப் பண்றது எப்பிடி?”

ஹஜ்ரத்துக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. தாடியைத் தடவுகிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டார்.

“பாய், நீங்க போட்டது ஆர்டரே இல்ல. இந்தக் களத்துக்குத்தான் நீங்க போர்மேன், அங்கன இல்ல. நேர்ச்சை எதையும் முன்னாடி இழுத்துட்டு வராது, பின்னாடி தள்ளாது. கஞ்சன் கையிலேர்ந்து எதையாச்சும் வெளிய எடுக்கும், அம்புட்டுத்தான். சும்மா கேட்டாலே குடுக்கிறவன்கிட்டப் போயி பேரம் பேசுனீக. பேசுனதுக்கு அந்தப் பதினொண்ணையும் வச்சு முடிங்க. ஒங்க சொல்லுக்கு மழ நிக்கும்னு நெனச்சீக பாருங்க, அதுக்குத் தனியா மன்னிப்புக் கேளுங்க.”

“அப்ப சோலைமலை காடு காயுறதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லையா?”

ஹஜ்ரத் தாடியிலிருந்து கையை எடுத்தார். “மழைய நீங்க நிறுத்தல. ஆனா அன்னைக்குக் கேக்கும்போது, பக்கத்துக் காட்டுக்கு மழ வேணும்கிறது நெனப்புல இருந்துச்சா?”

மச்சான் காலிச் சொம்பைக் கீழே வைத்தார்.

“அத அவுககிட்டப் போயிச் சொல்லுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை கழிச்சு ஞாயித்துக்கிழமை மழைத் தொழுகை வைக்கப்போறோம். ஊருச் சம்சாரிமாருதான் வந்து கேட்டாக. கையேந்துறதுக்கு முன்னாடி மனுசனுக்கு மனுசன் இருக்கிற மனத்தாங்கலை நேராக்கணும். அதுதான் மொற.”

6

மச்சான் சோலைமலையிடம் சொன்ன காட்சியை மூன்று விதமாக எழுதியிருக்கிறேன்.

முதல் விதத்தில் சோலைமலை மச்சானைக் கட்டிப்பிடித்து அழுகிறார். (கிளி லேபிளையே அழவைக்கிற அளவுக்கு எழுதிவிட்டு, வெட்கப்பட்டுக் கிழித்தேன். சோலைமலை அழுது நான் பார்த்ததே இல்லை.)

இரண்டாம் விதத்தில் சோலைமலை மண்வெட்டியைத் தூக்குகி

(தூக்கவில்லை. நானாக எதற்கு வம்பு வளர்க்கிறேன்?)

மூன்றாவது விதம் நடந்தது. நான் கூடவே போயிருந்தேன். மச்சான் தனியாகப் போகப் பயந்தார்.

பருத்திக் காட்டு வரப்பில் நின்று மச்சான் எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக் கை, மேகம், பதினோரு நோன்பு, தவணை. சோலைமலை முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து, இருமி இருமிச் சிரித்தார்.

“நீரு என்ன மாப்ளே, வருண பகவானுக்கே போர்மேனா?”

மச்சானும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் மச்சான், ஹஜ்ரத் போய்ச் சொல்லச் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னார். “அன்னைக்கு ஒங்க காடு என் நெனப்புல இல்ல மாப்ளே.”

சோலைமலை சிரிப்பை நிறுத்தினார். குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். மண்ணே ஒட்டாமல் வந்தது. அதை மச்சான் கையில் கொடுத்தார்.

“மூணு நாளைக்குன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கலாம்ல” என்றார். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் நடந்தார்.

அன்றைக்கு நின்றது ஆடுபுலி ஆட்டம். மச்சான் மிச்ச நோன்புகளை ஒழுங்காக நிய்யத்து வைத்துத் தொடர்ந்தார். சாயங்காலம் நோன்பு திறந்ததும் வாசலில் கட்டத்தை வரைந்து, காய்களை எடுத்துவைத்து, இரண்டு பக்கமும் தானே ஆடிப்பார்த்தார். புலியை மறைக்க ஆள் இல்லாமல் ஆட்டமே நகரவில்லை.

(அக்கா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் திருத்தவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.)

7

மழைத் தொழுகையை ஊருக்கு வெளியே வெட்டவெளியில் தொழவேண்டும். கண்மாய் முழுக்கக் கருவேல முள். சுற்றுவட்டாரத்தில் அத்தனை பேர் வரிசையாக நிற்கத் தோதான சமதரை எது?

சரியாகச் சொன்னீர்கள். மச்சானின் களம்.

முதலாளி சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் வேலை கிடையாது. ஆனால் களத்தின் கிழக்குப் பாதியில் கிறிஸ்துமஸ் சரக்கு காய்ந்துகொண்டிருந்தது. அதை ஷெட்டில் அடுக்க இடமில்லை. ஆகவே இப்படி ஒரு காட்சி: மேற்குப் பாதியில் மழை கேட்டு நூறு பேர். கிழக்குப் பாதியில் மழைக்குப் பயந்து நூறு பாய். நடுவில் தார்ப்பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு வெள்ளைத்தாயும் நாலு பெண்களும். “நீங்க கேளுங்கண்ணே, நாங்க மூடுறோம்” என்றாள் வெள்ளைத்தாய்.

வாசலில் மச்சான் எல்லாரையும் சோதனை போட்டார். ஞாயிறானாலும் சட்டம் சட்டம்தான். ஹஜ்ரத்தின் ஜிப்பாப் பையில் கையைவிட்டால், தீப்பெட்டி! பள்ளிவாசல் சாம்பிராணிக்கு வாங்கியது.

(தீப்பெட்டி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் பாருங்கள். வெட்கமாக இல்லை? எதுவும் வெடிக்காது. நான் நேர்ச்சை செய்திருக்கிறேன். மச்சான் அதை வாங்கி, வாசலுக்கு வெளியே ஒரு கல்லின்மேல் வைத்து, மேலே இன்னொரு கல்லையும் வைத்தார்.)

தொழுகை முடிந்தது. ஹஜ்ரத் பேசினார், பிறகு மேலே போட்டிருந்த துண்டைத் திருப்பிப் போட்டார். இந்த நிலைமையை இப்படித் திருப்பிவிடு என்று கேட்கிற மாதிரி. எல்லாரும் திருப்பினார்கள். மச்சானின் துண்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் அலுமினியப் பொடிதான், வெயிலில் மின்னியது. பிறகு கையேந்தினோம். நான் மச்சானுக்கு இடப்பக்கம்.

வரிசைகளுக்கெல்லாம் பின்னால், வேப்பமரத்தடியில் சம்சாரிகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குள் சோலைமலையும் நின்றார். மச்சான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சோலைமலை வேறு பக்கம் பார்த்தார்.

“ஆமீன்” சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கழுத்தில் காற்று குளிர்ந்தது.

“மேகம்!” வெள்ளைத்தாயின் குரல்தான். பழக்கதோஷம், தொழுகைக் கூட்டத்தில் பாதி பதறிவிட்டது.

அதே வடகிழக்கு. அதே எருமைக் கூட்டம். மச்சானின் கண் கிழக்குப் பாதிக்குப் போனது. நூறு பாய், அவர் பொறுப்பில் இருக்கிற சரக்கு. அவர் வாய் திறந்தது. அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனி வரை வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சட்டென்று வெள்ளிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது உதட்டைச் சுற்றி மீசை மாதிரி வெள்ளி.

“குடு” என்றார். “அவருக்குக் குடு. எல்லாருக்கும் குடு.”

பதிலுக்கு இது செய்கிறேன், அது செய்கிறேன் என்று ஒன்றுமே சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் பேரம் பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கண் இரண்டும் நிரம்பிவிட்டது.

அப்போது பின்னாலிருந்து யாரோ ஓடிவருகிற சத்தம். சோலைமலை! மழைமேகத்தைக் கண்டதும் சம்சாரி காட்டைப் பார்த்துத்தானே ஓடுவான்? இவர் கிழக்கே ஓடினார், சரக்குப் பக்கம். வெள்ளைத்தாயின் கையிலிருந்து தார்ப்பாயின் முனையைப் பிடுங்கி விரித்துக்கொண்டே கத்தினார்:

“மாப்ளே! கையேந்துனது போதும், வந்து அந்த முனையப் பிடியும்! ஒம்ம சரக்கு நனையப்போவுதுய்யா!”

ஒரு வாரம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை. மச்சான் ஓடினார். நான் ஓடினேன். ஹஜ்ரத் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மழை கேட்ட நூறு பேரும் மழைக்கு எதிராகத் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு, காற்றில் அது படபடவென்று அடிக்க, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க நின்றோம். மச்சான் ஒரு முனை, சோலைமலை எதிர் முனை. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

8

இனி முடிவு.

(அ) மழை கொட்டியது. காடும் நனைந்தது, சரக்கும் பிழைத்தது.

(ஆ) மேகம் மறுபடியும் சாத்தூர்ப் பக்கம்

(இ) ஐந்தே ஐந்து துளி

மூன்றையும் எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், நான் அங்கே முனை பிடித்துக்கொண்டு நின்றவன். ஆனால் பேனாவைத் தூக்கி ‘பெய்’ என்று எழுதப்போனபோது கை நின்றுவிட்டது. இரண்டு வருடமாக அந்த மேகத்தைக் களத்துக்கு மேலே கட்டிவைத்திருக்கிறேன், நானே என்னவோ அதற்குப் பொறுப்பாளன் போல. மச்சான் செய்த அதே தப்பு. அங்கே நானும் போர்மேன் இல்லை. உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் கேட்டுப்பாருங்கள். பதிலுக்கு ஏதாவது செய்வதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தாள்களைக் கண்ணுச்சாமி அண்ணனிடம் கொடுத்தேன். வாசித்தார். கடைசித் தாளைத் திருப்பினார், பின்னால் கிளிதான் இருந்தது.

“வெடிக்கல” என்றார்.

“வெடிக்கலைல்ல?”

“ஆனா மழ பெஞ்சதா இல்லையான்னு சொல்லலையேடா. அப்ப முடியலைன்னுதான அர்த்தம்? நோன்புலேர்ந்து தப்பிச்சிட்டியே, கெட்டிக்காரப் பய!”

எனக்கு அது தோன்றவே இல்லை! எப்பேர்ப்பட்ட வழி! முடிக்காத கதைக்கு ஏது நோன்பு? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் துள்ளிக்கொண்டு வந்தேன். வாசலில் ஆடுபுலிக் கட்டத்துக்கு இரண்டு பக்கமும் மச்சானும் சோலைமலையும் குனிந்திருந்தார்கள். மச்சானின் முழங்காலுக்கு அடியில் ஒரு புலி. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து கண்ணடித்தார்.

இதற்குமேல் கதை முடிய என்ன பாக்கி? பிறகு அடுப்படிக்குப் போனேன்.

“அக்கா, நாளைக்கு விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு என்னைய எழுப்பி விடு.”

“என்னலே, திடீர்னு நோன்பு?”

“நேர்ச்சை நோன்பு. மூணு.”

அக்கா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்தாள். “சஹருக்கு என்ன வேணும்? பருத்திப்பால் வைக்கவா? சோலைமலை அண்ணன் காட்டுப் பருத்திக்கொட்டை ஒரு பானை கெடக்கு.”

“அக்கா, சும்மா இரு! கதை கேக்குறவுக இன்னும் போகல” என்றேன்.

அது எந்த வருடத்துப் பருத்தி என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். கொட்டையை ஊறப்போட்டுவிட்டாள்.